பெயர்த்தகடு இல்லாத வண்டிகள்: மும்பையின் பழைய கைவிசை மூன்று சக்கர வண்டிகளை அடையாளம் காணுதல்

இந்தியாவின் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் தன் இரண்டாம் பிரிவில் ‘இன்வேலிட் கேரியேஜ்’ என்றொரு வாகன வகையை வரையறுத்திருந்தது. உடற்குறை உள்ள ஒருவருக்கென்றே தனியாக வடிவமைத்துக் கட்டப்பட்டதும், அவரால் அல்லது அவருக்காக மட்டுமே பயன்படுத்தப்படுவதுமான மோட்டார் வாகனம் என்பது அதன் பொருள். வேறொரு வண்டியை வாங்கி மாற்றியமைத்துக்கொண்டால் அது இந்த வகைக்குள் வராது என்பதையும் அவ்வரையறை வெளிப்படையாகவே சொன்னது. பிரிட்டிஷ் சட்ட வழக்கிலிருந்து வந்த இந்தத் தொடர் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வரை நீடித்தது. அத்திருத்தம் பழைய சொல்லை நீக்கி ‘அடாப்டட் வெஹிகிள்’, அதாவது மாற்றியமைத்த வாகனம் என்ற சொல்லை வைத்து, தொடக்கத்திலேயே அதற்கெனக் கட்டப்பட்டதையும் பின்னர் உரிய ஒப்புதலுடன் மாற்றப்பட்டதையும் ஒரே வகைக்குள் கொண்டுவந்தது.

சட்டச் சொல்லில் நேர்ந்த இம்மாற்றம் பழைய வண்டிகளைச் சேகரிப்போருக்கும் ஆராய்வோருக்கும் ஓர் அடிப்படைக் கேள்வியை முன்வைக்கிறது. ஒரு வண்டி எந்தத் தொழிற்சாலையில், எந்த ஆண்டில், எந்த மாதிரியாகப் பிறந்தது என்று கேட்பதே சேகரிப்பாளர்களின் வழக்கம். பிறந்தபோது இருந்த நிலையே உண்மையான நிலை என்றும், அதன் பிறகு சேர்ந்ததெல்லாம் கலப்பு என்றும் அவர்கள் கொள்கின்றனர். கார்களுக்கும் மோட்டார் சைக்கிள்களுக்கும் ஓரளவு பொருந்தும் இந்த அளவுகோல், மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் போன்ற பகுதிகளில் பல பத்தாண்டுகளாக ஓடிய கைவிசை வண்டிகளுக்குப் பொருந்துவதில்லை. அங்கே ஒரு வண்டி தொழிற்சாலையை விட்டு வந்த பிறகுதான், தன்மீது அமர்ந்தவரின் உடலுக்கேற்ப உருப்பெற்றது. ஆகவே அதை அடையாளம் காண்பது என்பது செய்தவரின் பெயரைக் கண்டுபிடிப்பதோடு நின்றுவிடாமல், பயன்படுத்தியவரின் உடலை வண்டியிலிருந்து படித்தறிவதாகவும் இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. இங்கே ‘மூன்று சக்கர வண்டி’ என்பது காலால் நடக்க இயலாதவர் அமர்ந்து, கைகளால் சுழற்றியோ தள்ளியோ இழுத்தோ ஓட்டுவதைக் குறிக்கிறது. சென்னையில் மீன்பாடி வண்டி எனப்படும் சரக்கு வண்டியும் குழந்தைகளின் விளையாட்டு வண்டியும் இதில் அடங்கா. வீட்டுக்குள்ளும் மருத்துவமனையிலும் பயன்படும் சக்கர நாற்காலி இதற்கு உறவு என்றாலும் வேறு பொருள். நாற்காலி தரையின் மென்மையை நம்பியது. மூன்று சக்கர வண்டியோ தெருவுக்கென்றே பிறந்தது.

வெளியுலக முன்னோடிகள்

இவ்வகை வண்டிகளின் வரலாறு பெரும்பாலும் ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரத்தை ஒட்டிய ஆல்ட்டார்ஃபில் வாழ்ந்த ஸ்டெஃபன் ஃபார்ஃப்ளர் என்ற கடிகாரத் தொழிலாளியிலிருந்து தொடங்கப்படுகிறது. நடக்க இயலாத அவர், 1655-இல், கைப்பிடியைச் சுழற்றினால் பல்சக்கரங்கள் வழியாக முன்சக்கரம் உருளும் மூன்று சக்கர வண்டி ஒன்றைத் தமக்காகவே செய்துகொண்டார். இவ்வகையின் முதல் வண்டிகளில் ஒன்றைச் செய்தவரும் ஓட்டியவரும் ஒருவரே என்பது தற்செயலாகக் கடந்துபோகத்தக்க செய்தி அன்று. இந்தத் துறையில் பயனர்தான் முதல் பொறியாளர் என்பதை அதன் பின்வந்த நூற்றாண்டுகளும் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் பெயர்பெற்ற ‘பாத் சேர்’ அமர்ந்தவருக்குத் திசைமாற்றும் தண்டை மட்டும் தந்து, உந்துவதை வேறொருவரிடம் விட்டது. கைவிசை வண்டி அந்த வேறொருவரின் தேவையை நீக்கியது.

தொழில்நுட்பப் பாய்ச்சல் நிகழ்ந்தது சைக்கிள் துறையில். கோவென்ட்ரி நகரத்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி 1876-இல் நெம்புகோலால் இயங்கும் மூன்று சக்கர வண்டியையும், அடுத்த ஆண்டில் டிஃபரென்ஷியல் என்னும் வேக வேறுபாட்டு அமைப்பையும் கொண்டுவந்தார். வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் உட்சக்கரத்தைவிட அதிகத் தூரம் உருள வேண்டியிருப்பதால், இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிப் பூட்டினால் வண்டி திரும்ப மறுக்கும். இரு சக்கரங்களுக்கும் விசையைப் பகிர்ந்தளித்துக்கொண்டே அவற்றின் வேகம் வேறுபடவும் இடம்தருவதே டிஃபரென்ஷியலின் வேலை. விலைமிக்க அந்த அமைப்பைத் தவிர்க்க விரும்பியவர்கள் ஒரே ஒரு சக்கரத்துக்கு மட்டும் விசையைக் கொடுத்தனர். அந்த எளிய தீர்வே பின்னாளில் உலகெங்கும் கைவிசை வண்டிகளின் பொது இலக்கணமாயிற்று. மும்பை வண்டிகளை அடையாளம் காண்பதிலும் அதுவே முதல் திறவுகோல்.

முதல் உலகப்போரில் கால்களை இழந்த வீரர்களுக்கு பிரிட்டிஷ் அரசு இவ்வகை வண்டிகளை வழங்கியது. 1948-இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியபோது அப்பொறுப்பு அதனிடம் சென்றது. மோட்டார் வண்டிகளில் புகழ்பெற்றது இன்வாகார். உடல் இயக்கம் பாதிக்கப்பட்ட தம் உறவினர் டெரி பிரெஸ்டன்-காப் தாமே வெளியே சென்றுவர வேண்டும் என்பதற்காக பெர்ட் கிரீவ்ஸ் அவருடைய சக்கர நாற்காலியில் ஓர் எஞ்சினைப் பொருத்தியதிலிருந்து அந்த நிறுவனம் வளர்ந்தது. 1970-களில் வெளிர்நீல நிறத்தில் சாலைகளில் ஓடிய ‘மாடல் 70’ வண்டிகள் அரசின் உடைமையாகவே இருந்தன. 2003 மார்ச் 31-உடன் அவற்றின் சாலைப் பயன்பாடு முடிவுக்கு வந்தபோது பெரும்பாலானவை திரும்பப் பெறப்பட்டு நசுக்கப்பட்டன. ஆயிரக்கணக்கில் ஓடிய ஒரு வாகனம் இப்போது ஆர்வலர்களின் கொட்டகைகளிலும் சில அருங்காட்சியகங்களிலும் மட்டுமே எஞ்சியிருப்பதற்கு, அது ஓட்டியவர் யாருக்கும் சொந்தமாக இல்லாமல் இருந்ததும் ஒரு காரணம்.

பம்பாயின் நிறுவனங்கள்

பம்பாயில் இந்த வண்டிகளுக்கான தேவையை மூன்று துன்பங்கள் உருவாக்கின: போர், தொழுநோய், இளம்பிள்ளை வாதம். முதலாவதற்கான அமைப்பு 1917-இல் தோன்றியது. உறுப்பிழந்த இந்தியப் படைவீரர்களுக்குத் தொழில் கற்பிக்கும் குயீன் மேரி தொழிற்பள்ளி அவ்வாண்டு பம்பாயில் தொடங்கப்பட்டு, பின்னர் புனேயை அடுத்த கிர்க்கிக்கு மாற்றப்பட்டது. தொழுநோய்க்கான அமைப்பு அதற்கும் முந்தியது. நகராட்சி ஆணையராக இருந்த எச். ஏ. ஆக்வொர்த்தின் முயற்சியால் 1890-இல் மாட்டுங்காவில் நிறுவப்பட்ட, வீடற்ற தொழுநோயாளிகளுக்கான காப்பகம் இன்று வடாலாவில் ஆக்வொர்த் மருத்துவமனை என்ற பெயரில் தொடர்கிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே தோல் பதனிடும் வேலைக்காகத் தமிழர்கள் வந்து குடியேறிய தாராவி, இக்காப்பகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. மருத்துவர் ஆர். கணபதி 1976-இல் தொடங்கிய பாம்பே லெப்ரசி புராஜெக்ட் என்னும் அமைப்பு தாராவியின் சந்துகளுக்குள்ளேயே சென்று நோயைக் கண்டறிந்து மருந்து கொடுத்ததால், நோயாளியைத் தனியே ஒதுக்கிவைக்காமல் அவர் வாழும் தெருவிலேயே குணமாக்கும் முறை அங்கே வேரூன்றியது. தெருவில் வாழ்பவருக்குத் தெருவில் ஓடும் வண்டி வேண்டும். காப்பகத்துக்குள் தேவைப்படாத மூன்று சக்கர வண்டி இந்த மாற்றத்தால் தேவைப்படலாயிற்று என்று கொள்வது பொருத்தமாகும்.

இளம்பிள்ளை வாதத்தின் கதை தமிழகத்தோடும் ஓர் இழையால் கட்டப்பட்டது. சமூகப் பணியாளர் ஃபாத்திமா இஸ்மாயில் தம் மகளுக்கு அந்நோய் கண்டபோது, மெட்ராஸில் இருந்த எலும்பு மருத்துவர் எம். ஜி. கினியிடம் அழைத்துச் சென்று சிகிச்சை அளித்தார். அந்த அனுபவமே 1947-இல் அவர் பம்பாய் சௌபாத்தியில் குழந்தைகளுக்கான சிகிச்சை மையத்தைத் தொடங்கத் தூண்டுதலாக அமைந்தது; அதிலிருந்தே பின்னர் ஹாஜி அலியில் உள்ள எலும்பு மருத்துவமனை வளர்ந்தது. 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் போலியோ ஆராய்ச்சிப் பிரிவை பம்பாயில் அமைத்தது. 1950-இல் கமலா நிம்ப்கர் பரேலில் உள்ள கே.இ.எம். மருத்துவமனையில் தொழில்வழிச் சிகிச்சைப் பள்ளியைத் தொடங்கினார். உடலியக்கம் குறைந்தவர் தம் அன்றாடச் செயல்களைத் தாமே செய்துகொள்ளப் பயிற்றும் கலைக்கே தொழில்வழிச் சிகிச்சை என்று பெயர். ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் உதவியோடு 1955-இல் ஹாஜி அலியில் அகில இந்திய உடலியக்க மருத்துவ மறுவாழ்வு நிறுவனம் உருவாயிற்று. 1968-இல் தோன்றிய ‘நேசியோ’ என்னும் அமைப்பு செம்பூர் போஸ்டல் காலனி சாலையில் உடற்குறை உள்ளவர்களுக்குத் தொழிற்பயிற்சி அளித்து, துணைக்கருவிகள் செய்யும் பட்டறையையும் நடத்தியது. செம்பூரை இந்த வரலாற்றில் சேர்ப்பது அந்தப் பட்டறையே.

ஆனால் பட்டறைகளுக்கு இரும்பும் சக்கரமும் எங்கிருந்து வந்தன என்பதைக் கேட்காமல் வண்டிகளைப் புரிந்துகொள்ள இயலாது. பம்பாய் வொர்லியில் ஹிந்த் சைக்கிள்ஸ், ஆசன்சாலில் சென்-ராலே, சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் என்ற தொழிற்சாலைகள் பிரிட்டிஷ் அளவுகளிலேயே சைக்கிள் பாகங்களைச் செய்தன. இவற்றுள் முதல் இரண்டும் நலிந்து 1980-இல் நாட்டுடைமையாக்கப்பட்டன. மூன்று சக்கர வண்டி தனிப்பட்ட ஒரு பாகத்தையும் கோராமல், ஊரெங்கும் கிடைத்த சைக்கிளின் ரிம்மையும் செயினையும் பெடல் தண்டையும் எடுத்துக்கொண்டது. 1972-இல் கான்பூரில் நிறுவப்பட்டு 1976-இல் உற்பத்தியைத் தொடங்கிய அரசு நிறுவனமான அலிம்கோவும், அதன் வண்டிகளை ஏழைகளுக்கு இலவசமாகவோ சலுகை விலையிலோ கொண்டுசேர்த்த, 1981-இல் தொடங்கிய ‘அடிப்’ திட்டமும் வந்த பிறகே நாடு முழுவதும் ஒரே மாதிரியான வண்டிகள் பரவலாயின. அத்திட்டத்தின்படி ஒருவர் அதே கருவியை மீண்டும் பெற மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி, வண்டியின் ஆயுளையும் மறைமுகமாகத் தீர்மானித்தது. அக்காலம் முடியும்வரை தெருமுனை சைக்கிள் கடையே அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

வண்டியைப் படிக்கும் முறை

பழைய மூன்று சக்கர வண்டி ஒன்றை அடையாளம் காண முனைவோர் முதலில் பார்க்க வேண்டியது விசை எந்தச் சக்கரத்துக்குப் போகிறது என்பதை. முன்சக்கரத்தின் மேல் நிமிர்ந்து நிற்கும் தண்டின் உச்சியில் இரு கைப்பிடிகள் இருந்து, அங்கிருந்து நீண்ட செயின் இறங்கி முன்சக்கரத்தைச் சுழற்றினால், அதே தண்டைத் திருப்பியே திசையும் மாற்றப்படும். இவ்வகைக்கு இரண்டு கைகளும் தோள்களும் வலுவாக இருக்க வேண்டும். அதற்கு மாறாக, இருக்கையின் ஒரு பக்கத்தில் மட்டும் சுழற்று கைப்பிடி இருந்து பின்சக்கரங்களுள் ஒன்றைச் சுழற்றினால், மறுகை திசைத்தண்டைப் பிடித்திருக்கும். வலப்புறத்துக் கைப்பிடி வலக்கை வலுவானவரையும், இடப்புறத்தது இடக்கை வலுவானவரையும் சுட்டும். வலப்பக்கச் சக்கரத்துக்கு மட்டும் விசை போகும் வண்டி இயல்பாகவே இடப்புறம் திரும்ப முனையும் என்பதால், ஓட்டுபவர் அதை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க நேரும். பல ஆண்டு ஓடிய வண்டியில் விசை பெற்ற பக்கத்து டயர் மற்றதைவிடத் தேய்ந்திருப்பதும், திசைத்தண்டின் புஷ் ஒரு பக்கமாக நீள்வட்டமாய்க் குடைந்திருப்பதும் இதன் தடயங்கள். கைப்பிடி ஒரு காலத்தில் மறுபக்கத்தில் இருந்து பின்னர் மாற்றப்பட்டிருந்தால், பழைய பக்கத்தில் அறுத்துத் தேய்த்த வெல்டிங் தழும்பு இருக்கும். அத்தழும்பு வண்டி கைமாறியதையோ, ஒரே பயனரின் உடல்நிலை மாறியதையோ சொல்கிறது. இரண்டில் எது என்பதை இருக்கையின் உயரமும் கால்பலகையின் தூரமும் மாற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்து ஓரளவு முடிவுசெய்யலாம்.

அடுத்துக் குழாய்களை அளக்க வேண்டும். இதற்கு வெர்னியர் அளவுகோல் ஒன்று போதும். சைக்கிள் தொழிற்சாலைக் குழாய்கள் அங்குல அளவின: ஓர் அங்குலக் குழாயின் வெளிவிட்டம் 25.4 மி.மீ., ஒன்றே அரைக்கால் அங்குலக் குழாய் 28.6 மி.மீ. தண்ணீர்க் குழாய்களோ உள்விட்டத்தால் பெயரிடப்படுபவை. ‘அரை அங்குலம்’ என்று கடையில் கேட்டு வாங்கும் குழாயின் வெளிவிட்டம் 21.3 மி.மீ., ‘முக்கால் அங்குலம்’ 26.9 மி.மீ. ஆகவே சட்டகத்தில் 21.3-ஓ 26.9-ஓ தென்பட்டால் அந்தப் பகுதி சைக்கிள் தொழிற்சாலையில் பிறந்ததன்று, பிளம்பர் கடையில் வாங்கிய குழாயில் பட்டறைக்காரர் செய்தது என்று துணிந்து கூறலாம். இணைப்புகளும் பேசும். குழாய்களை வார்ப்பு லக்குகளுக்குள் செருகிப் பித்தளை உருக்கி ஒட்டுவது பழைய சைக்கிள் முறை. குழாய்களை நேரடியாக முட்டவைத்து மின்வெல்டிங் செய்வது பிற்காலத்து முறை. ஒரே சட்டகத்தில் இரண்டும் காணப்படுவது மும்பையில் வியப்புக்குரியதன்று.

சக்கரத்தின் அச்சு மற்றொரு சான்று. சைக்கிளின் ஹப் இரு முனைகளிலும் தாங்கப்படுவதற்கென்று செய்யப்பட்டது. அதை அப்படியே பயன்படுத்திய பட்டறைக்காரர் சக்கரத்துக்கு உள்ளும் வெளியுமாக இரு குழாய்களை ஓட்டி, அச்சை இருபுறமும் பிடித்திருப்பார். தடித்த அச்சைத் தனியே கடைந்து, ஒரு புறத்தில் மட்டும் சட்டகத்தோடு பிணைத்திருந்தால், லேத் வசதியும் முன்திட்டமும் உள்ள இடத்தில் அது செய்யப்பட்டிருக்க வேண்டும். பிரிட்டிஷ் மரபில் சைக்கிளின் முன்சக்கரத்துக்கு 32 போக்ஸ் கம்பியும் பின்சக்கரத்துக்கு 40-உம் இருக்கும். மூன்று சக்கர வண்டியின் பின்னால் இருக்கும் இரண்டு சக்கரங்களில் ஒன்று 40-உம் மற்றொன்று 32-உம் கொண்டிருந்தால், ஒரே சைக்கிளைப் பிரித்து இரண்டு சக்கரங்களும் எடுக்கப்பட்டன என்று ஊகிக்கலாம்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை அவசியமாகிறது. அச்சில் அங்குலத்துக்கு 26 புரிகள் இருப்பதையும், பெடல் தண்டைக் காட்டர் பின் பிடித்திருப்பதையும் கண்டு, வண்டி பிரிட்டனில் செய்யப்பட்டது என்றோ மிகப் பழையது என்றோ முடிவுகட்டும் சேகரிப்பாளர்கள் உள்ளனர். பிரிட்டனில் அவை வழக்கொழிந்து பல காலம் ஆன பின்பும் இந்திய ரோட்ஸ்டர் சைக்கிள்களில் அதே புரியும் அதே பின்னும் தொடர்கின்றன என்பதால், அச்சான்று இங்கே காலத்தைச் சொல்லாது. ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் கியர் ஹப் ஏதேனும் பொருத்தப்பட்டிருந்தால், அதன் உடலில் பொறிக்கப்பட்ட ஆண்டு எண் மெய்யான உதவி. ஆனால் அதுவும் வண்டி அந்த ஆண்டுக்கு முந்தியதன்று என்பதற்குக்கூட முழுச் சான்றாகாது, ஹப் பின்னர் மாற்றப்பட்டிருக்கலாம்.

உலோகத்தைவிட நம்பகமாகக் காலத்தைச் சொல்வது பெயின்ட். இலவசமாக வழங்கப்பட்ட வண்டிகளின் பின்பலகையில் கொடையாளரின் பெயரையும் முகவரியையும் எழுதுவது வழக்கம். வண்டியில் அமர்ந்தவரின் பெயர் எங்கும் இராது, கொடுத்தவரின் பெயரே பெரிய எழுத்தில் இருக்கும் என்பது வருந்தத்தக்கது என்றாலும், ஆராய்ச்சியாளருக்கு அந்த எழுத்து பெருந்துணை. அஞ்சல் குறியீட்டெண் 1972 ஆகஸ்ட் 15-இல் அறிமுகமானதால், ‘பாம்பே-17’ என்ற வடிவம் அதற்கு முந்தையதாகவோ அதை ஒட்டியதாகவோ இருக்கும். 400017 என்று தாராவியையும், 400019 என்று மாட்டுங்காவையும், 400071 என்று செம்பூரையும் குறித்தால் அதற்குப் பிந்தையது. ஊர்ப்பெயர் ‘மும்பை’ என்று ஆங்கில எழுத்தில் இருந்தால் அது 1995-க்குப் பிறகு எழுதப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. தொலைபேசி எண் ஏழு இலக்கத்தில் இருந்தால் 2002-க்கு முந்தையது, எட்டு இலக்கத்தில் இருந்தால் பிந்தையது. பயனரைக் குறிக்கும் சொல்லும் காலம் காட்டும்: மராத்தியில் ‘அபங்’, இந்தியில் ‘விக்லாங்’ என்ற சொற்கள் நெடுங்காலம் நின்றன, ‘திவ்யாங்’ என்ற சொல் 2015 இறுதியில் பிரதமரின் வானொலி உரைக்குப் பிறகே அரசு வழக்கில் பரவியது. தமிழில் ஊனமுற்றோர் என்பது மாற்றுத்திறனாளி ஆனதும் 2010-ஐ ஒட்டிய காலத்தில்தான். மேல் பெயின்ட்டைச் சுரண்டினால் அடியில் வேறொரு கொடையாளரின் பெயர் தென்படுவதும் உண்டு. இரண்டாம் கொடை பழைய வண்டியைப் புதுப்பித்துக் கொடுத்ததாக இருந்திருக்கலாம்.

இனி கைப்பிடி. தொழுநோய் நரம்புகளைத் தாக்கும்போது உள்ளங்கை உணர்விழக்கிறது; வலி தெரியாத கை, வலி தெரிந்த கையைவிட இறுக்கமாகப் பிடிக்கிறது, கொப்புளம் கண்டும் வேலையை நிறுத்துவதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்ட் செய்த ஆய்வுகள் இந்த உண்மையை உலகுக்கு நிறுவின. அதன் நடைமுறைப் பாடம் எளியது: கைப்பிடி தடிமனாகவும் மென்மையாகவும் இருந்தால் அழுத்தம் பரவும், புண் வராது. ஆகவே மெல்லிய இரும்புக் கம்பியின்மேல் துணி சுற்றி, அதன்மேல் பழைய சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, விரல்கள் மடங்காத கைக்கு ஏற்பப் பருமனாக்கிய கைப்பிடி ஒன்றைக் காணும் ஆய்வாளர், அதை வெறும் ஒட்டுவேலை என்று தள்ளிவிடக் கூடாது. கை நழுவாமல் இருக்கக் குறுக்கே கட்டிய தோல் பட்டையோ, உள்ளங்கையைத் தாங்கும் குவிந்த தகடோ இருந்தால், அந்த ஊகம் மேலும் வலுப்பெறும். இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் சூம்பி, கைகள் வலுப்பெற்றவரின் வண்டியில் கைப்பிடி மரமாகவோ வெறும் பெடல் ரப்பராகவோ வழவழவென்று தேய்ந்திருக்கும். இரண்டு நோய்களும் ஒரே தொழிற்சாலையின் ஒரே மாதிரி வண்டியில் இருவேறு கைப்பிடிகளை விட்டுச்சென்றிருக்கின்றன.

எஞ்சின் வந்த பிறகு

கைவிசை வண்டி மோட்டார் வாகனம் அல்ல என்பதால் அதற்குப் பதிவெண்ணும் இல்லை, பதிவேடும் இல்லை. எஞ்சின் பொருத்தியவுடன் காகிதத் தடம் தொடங்குகிறது. இந்தியாவில் இதற்கு வழிதிறந்தவை 1972-இல் வந்த 50 சி.சி. லூனாவும், 1980-இல் ஓசூரிலிருந்து வந்த டி.வி.எஸ். 50-உம், எல்லாவற்றுக்கும் மேலாக 1984-இல் வந்த கினெடிக் ஹோண்டாவும். காலால் உதைக்கத் தேவையின்றிப் பொத்தானை அழுத்தினால் கிளம்பி, கியர் மாற்றவும் தேவையில்லாத ஸ்கூட்டர், கால் வலுவற்றவருக்கு வரமாக அமைந்தது. அதன் பின்சக்கரத்தை அப்படியே விட்டு, இருபுறமும் ஒவ்வொரு சிறு சக்கரத்தைக் கிளைக் குழாயில் பொருத்திவிட்டால் வண்டி சாயாது. எண்ணிப்பார்த்தால் நான்கு சக்கரங்கள் இருந்தும் மக்கள் வழக்கில் அதுவும் மூன்று சக்கர ஸ்கூட்டரே. 1988-ஆம் ஆண்டுச் சட்டம் மாற்றியமைத்ததை வகைக்குள் ஏற்கவில்லை, தெருவோ மாற்றியமைத்ததைத் தவிர வேறொன்றையும் அறிந்திருக்கவில்லை. இந்த இடைவெளியில் ஓடிய வண்டிகளின் ஆர்.சி. புத்தகங்களில் வகை எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளது என்பதைத் தொகுத்தால், அதிகாரிகள் சட்டத்தின் எழுத்துக்கும் எதிரே நின்ற மனிதருக்கும் இடையில் எவ்வாறு முடிவெடுத்தனர் என்பதன் வரலாறே கிடைக்கும். எம்.எச். என்று தொடங்கும் எண்கள் 1989-இல் வந்தவை என்பதால் அதற்கு முந்தைய எழுத்துகள் கொண்ட பலகை கிடைத்தால் அது தனி மதிப்புடையது. ‘அடிப்’ திட்டமும் 2014-இல் திருத்தப்பட்டு, மோட்டார் பொருத்திய வண்டிகளுக்கு 25,000 ரூபாய் வரை மானியம் தரத் தொடங்கியபின், பேட்டரி வண்டிகள் பெருகிக் கைவிசை வண்டிகள் விரைவாக ஒதுங்கலாயின.

தேவையின் வேர்களும் மாறின. இந்தியாவின் கடைசி இயற்கைப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் கண்டறியப்பட்டார். 2014 மார்ச்சில் இந்தியா உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது. தொழுநோய்க்குக் கூட்டுமருந்துச் சிகிச்சை 1980-களில் வந்தது. குழந்தைப் பருவத்தில் கால் சூம்பி, இருபது வயதில் கைவிசை வண்டி பெற்று, வண்டியையே கடையாக்கிக்கொண்டோ, மாற்றுத்திறனாளிகளுக்கென ஒதுக்கப்பட்ட தொலைபேசிக் கூண்டுக்கு அதில் தினமும் வந்துபோயோ பிழைத்த அந்தத் தலைமுறையே இவ்வண்டிகளின் கடைசிப் பெருந்தலைமுறை.

பங்காரும் சேகரிப்பும்

ஓடி ஓய்ந்த வண்டி போய்ச் சேரும் இடத்தை மும்பைத் தமிழர்கள் ‘பங்கார்’ என்பர். பழைய இரும்பைக் குறிக்கும் அந்த உள்ளூர்ச் சொல்லுக்குத் தமிழ்நாட்டு இணை காயலான் கடை. காயல்பட்டினத்து வணிகர்களால் அப்பெயர் வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தாராவியின் 13 காம்பவுண்டிலும் குர்லாவின் பழைய இரும்புக் கடைகளிலும் ஒரு வண்டி முழுதாக நிற்பது சில நாள்களே. ரிம்மும் செயினும் தனியே விற்கப்படும். சட்டகம் எடைக்குப் போகும். இருக்கைப் பலகையும் ரெக்சினும் யாருக்கும் வேண்டாதவை. வரலாற்றுக்கு மிகத் தேவையானவை எவையோ அவையே முதலில் வீசப்படுகின்றன என்பதால், சேகரிப்பாளர் பங்கார்க்காரரோடு முன்கூட்டியே பேசிவைத்து, வண்டியைப் பிரிக்குமுன் பார்க்கும் ஏற்பாட்டைச் செய்துகொள்வது நல்லது. இன்றும் ஒருவர் ஓட்டிக்கொண்டிருக்கும் வண்டியை எந்த விலைக்கும் கேட்கக் கூடாது; அது அவருடைய கால். அவரிடம் கேட்க வேண்டியது வண்டியின் கதையை: எப்போது, யாரிடமிருந்து, என்னென்ன மாற்றி, எந்தப் பட்டறையில் என்பதை. அதைத் தமிழிலேயே, அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிவைப்பது இரும்பைச் சேர்ப்பதைவிட அவசரமானது.

வாங்கிய வண்டியைத் தேய்த்துப் புதுப்பெயின்ட் அடித்து, மாற்றிய பாகங்களைக் கழற்றிவிட்டு ‘ஒரிஜினல்’ ஆக்கும் பழக்கத்தை இத்துறையில் முற்றிலும் கைவிட வேண்டும். துருவைத் தடுக்க எண்ணெய் தடவலாம்; மழைக்காலத்து ஈரமும் கடற்காற்றும் மும்பையில் இரும்பைத் தின்பதால் அது தேவையும்கூட. பெயின்ட்டைத் தொடக் கூடாது. இருக்கையின் பலகையை அகற்றுமுன் அதன் பள்ளத்தின் ஆழத்தை இடப்பக்கமும் வலப்பக்கமும் தனித்தனியே அளந்து குறிக்க வேண்டும்; ஒரு பக்கமாகச் சாய்ந்தே அமர நேர்ந்த உடலின் அச்சு அதில் பதிந்திருக்கும். கைப்பிடியில் சுற்றியிருக்கும் டியூப் ரப்பரை அவிழ்க்காமல், விளிம்பில் தெரியும் அடுக்குகளை மட்டும் எண்ணிக்கொள்ளலாம். ஒவ்வோர் அடுக்கும் முந்தையது தேய்ந்த பிறகு சுற்றியது. எல்லாவற்றுக்கும் அடியில், இரும்பை ஒட்டி, முதன்முதலாகச் சுற்றிய துணி இருக்கும்.